பெர்செபொனி போகட்டும், வள்ளி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பெண்பிள்ளைகள் கையில் இப்போது கிரேக்கப் புராணத்தைக் காதல் கதையாக்கிய ஆங்கில நாவல்கள்தான். கைப்பேசியை விட்டுப் புத்தகத்தைத் தொடுகிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். சில பெற்றோர்தான் முகம் சுளிக்கிறார்கள்.

பேத்தி தந்த ஒன்றைப் படித்தேன். ஹேடிஸ், பெர்செபொனி கதை. ஹோமரியத் துதிப்பாடல் என்ற பழைய கிரேக்கப் பாட்டில் பாதாள அரசன் ஹேடிஸ் பெர்செபொனியைத் தேரில் தூக்கிக்கொண்டு போகிறான்; அவள் தந்தை சியூஸுக்கும் அதில் சம்மதம். பயிர்த் தெய்வமான தாய் டிமீட்டர் 9 நாள் தீப்பந்தத்தோடு தேடி அலைகிறாள். அப்புறம் அவள் கோபத்தில் பயிர் விளையாமல் உலகமே பட்டினி. புது நாவலிலோ பெண் தானே விரும்பிப் போகிறாள். தாய் வெறும் தடைக்கல். எனக்கு அது பிடிக்கவில்லை (பாட்டியாக இருந்து படித்தால் அப்படித்தான்).

அதற்காக, மாற்றி எழுதுவது குற்றமா? சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகையைப் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ கதையில் மறுபடி கல்லாக்கவில்லையா?

நம்மிடம் தினைப்புனம் காத்த வள்ளி இருக்கிறாள். கிழவன் வேடத்தில் வந்தவனையும், யானையாக வந்து மிரட்டிய அவன் அண்ணனையும் பற்றி அவள் மனதுக்குள் என்ன நினைத்தாள்? மலேசிய எழுத்தாளர்கள் அதைப் பதினாறு வயதுக்காரர்களுக்கு நாவலாக எழுதலாமே. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் பிள்ளைகளுக்கு ஆளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விலை மட்டும் 25 ரிங்கிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்