மகள் ஷவானெட்டில் இறங்குமுன்

கல்லடி, மட்டக்களப்பு
மாசி முதல் வாரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளம், அதன்பின் அறுவடை என்று நாட்கள் ஓடினாலும், பதில் எழுதாத குறை ஒவ்வோர் இரவும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நொத்தாரிசு ஐயாவின் வளவு கடைசியில் நீ சொன்ன விலைக்கே போயிற்று. பந்தயத்தில் நீ வென்றாய், கருவாட்டுப் பொதி வந்து சேரும்.

பங்குனியில் மகள் தன் கூட்டாளிகளோடு ஷவானெட்டில் ஸ்கீயில் இறங்கப் போகிறாள் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டு, அடுத்த பக்கம் முழுவதும் வீட்டு வாடகையைப் பற்றிப் புலம்பியிருக்கிறாய். நீ சூரிச்சில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். நான் பிரான்சின் ஷாம்பெரியில் ஒரு விடுதிச் சமையலறையில் பதினொரு குளிர்காலம் உழைத்து, ஓய்வு நாட்களையெல்லாம் அந்த மலைகளுக்கே கொடுத்தவன். ஆகவே இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஷவானெட் கணவாய் பிரான்சுக்கும் சுவிஸுக்கும் எல்லை. பிரான்சின் அவோரியாப் பக்கமிருந்து வருபவர்கள் 2,151 மீற்றர் உயரத்தில் அந்த விளிம்பில் வந்து நின்றால், எதிரே டான் டு மிடி சிகரங்கள் தெரியும், கீழே பள்ளத்தாக்கு தெரியும், ஆனால் தாங்கள் இறங்க வேண்டிய சரிவு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு செங்குத்தாக அது காலடியிலேயே மடிந்து விழுகிறது. தொடக்கத்தில் சாய்வு ஏறத்தாழ 40 பாகை, நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், இறக்கம் 331 மீற்றர். சரிவின் கடினத்தைக் காட்டும் நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வழக்கமான நிற வரிசைக்குள் அடங்காததால் அதற்குச் செம்மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள். 'சுவிஸ் சுவர்' என்ற பெயர் சும்மா வந்ததல்ல.

சாய்வைவிட அஞ்ச வேண்டியவை அங்குள்ள மேடுகள். மற்றச் சரிவுகளை இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்வார்கள். இதை அப்படிச் செய்வதில்லை. முன்னே போனவர் திரும்பிய இடத்திலேயே பின்னே வருபவரும் திரும்ப, ஸ்கீப் பலகைகள் சுரண்டிய இடம் பள்ளமாகிறது, தள்ளுண்ட பனி மேடாகிறது. ஒவ்வொருவரும் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டுப் போகிறார்கள். பருவம் முற்றும்போது சில மேடுகள் ஒரு சிறிய காரளவுக்குப் பருத்துவிடும். அவற்றினூடே இறங்கும்போது, மேடு வந்தால் முழங்கால்கள் மடிந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும், பள்ளம் வந்தால் கால்கள் நீண்டு பனியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் திரும்புவதைக் 'கிறுகு' என்போமே, அந்தச் சொல்தான் இதற்குப் பொருத்தம்: இடுப்புக்குக் கீழே கால்கள் மட்டும் கிறுக வேண்டும், நெஞ்சு பள்ளத்தாக்கை நோக்கியே இருக்க வேண்டும். கண், நிற்கும் மேட்டில் அல்ல, இரண்டு மூன்று மேடுகளுக்கு அப்பால் இருக்க வேண்டும். பயந்தவன் உடம்பைப் பின்னால் சாய்ப்பான். சாய்ந்த கணத்திலேயே பலகைகள் அவன் பிடியை விட்டுப் போய்விடும்.

எனக்கு நடந்ததும் அதுதான். இரவில் உறைந்து கல்லாகியிருந்த மேடுகளில், மற்றவர்கள் காத்திருக்க, நான் மட்டும் மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டில் காலையில் முதலாவதாக ஏறிப்போய் இறங்கினேன். நான்காவது திருப்பத்தில் பின்னால் சாய்ந்தேன். விழுந்தவன் விழுந்த இடத்தில் நிற்கக்கூடிய சரிவல்ல அது. மேட்டுக்கு மேடு மோதிக்கொண்டு எவ்வளவு தூரம் போனேன் என்று எனக்கே தெரியாது. அன்று திருகிய வலது முழங்கால் இன்றும் வயல் வரம்பில் நடக்கும்போது தன்னை நினைவூட்டுகிறது. உனக்கு அப்போது படியில் வழுக்கியதாக எழுதினேன். அது பொய், மச்சான். உன் மனைவி பிள்ளையைச் சுமந்திருந்த நேரம், உங்களைக் கலங்கவைக்க மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைதான் இன்று அங்கே போகிறாள்.

அவளைத் தடுக்காதே. அதே சரிவில் அடுத்த ஆண்டு, புதுப்பனி விழுந்து மேடுகள் மெத்தென்று இருந்த ஒரு நாளில், மேலிருந்து கீழ்வரை விழாமல் இறங்கினேன். அந்த மகிழ்ச்சியை அவளுக்கு மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் வெயில் பட்டுப் பனி இளகும்வரை பொறுக்கச் சொல். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, பனியைப் பிடிக்கும் பலகை ஓரத்தைத் தளர்த்திப் பக்கவாட்டில் வழுக்கி இறங்க அவளுக்கு நன்றாகத் தெரியுமா என்று கேள். தெரிந்தால் எந்த மேட்டின் நடுவிலும் அவளுக்கு ஒரு வழி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே போய் நின்று பார்த்து மனம் ஒப்பாவிட்டால், நாற்காலி லிஃப்டிலேயே உட்கார்ந்து கீழே போகலாம். பலரும் அப்படிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இதை நீ சொன்னால் தகப்பனின் பயம் என்று தள்ளிவிடுவாள். கல்லடி மாமா சொன்னதாகச் சொல், முழங்காலின் கதையையும் மறைக்காமல் சொல்.

இறங்கினாலும் லிஃப்டில் திரும்பினாலும், அன்று மாலையே எனக்கு அழைக்கச் சொல். பனி இளகியிருந்ததா, டான் டு மிடி தெளிவாகத் தெரிந்ததா என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.

உன் அன்புள்ள
மச்சான்