சித்தப்பா, வெள்ளிக்கிழமை வேண்டாம்

அன்புள்ள சித்தப்பா,

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருந்த உங்கள் சென்னைத் திட்டத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் வண்டலூர், மியூசியம், கோட்டை, மெரினா, மாமல்லபுரம். சனிக்கிழமை 'மீதி'. நம் சேலத்தில் சிவதாபுரத்தில் கிளம்பி, ஐந்து ரோட்டில் ஒரு வேலையை முடித்து, அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற கணக்கு இது. சென்னையில் செல்லாது. ஏழு வருஷம் அங்கே குப்பை கொட்டியவன் சொல்கிறேன். இதே தாளோடு நம் ஊரில் இன்னும் நாலு சித்தப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் கிழமை. எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டைக்குள் இருக்கிற மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய். ஆகவே வெள்ளி ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், சென்ட்ரலில் இறக்கிவிடும். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தோடு சரி. 2023 கடைசியில் திறந்த அந்த நிலையத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் வர இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் இருக்கிறது.

சனிக்கிழமையை மியூசியத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். கொலுசுப் பட்டறையிலேயே தலை நரைத்த மனிதர் நீங்கள். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றால் நகரமாட்டீர்கள். தூக்கிய பாதத்தின் கணுக்கால் பக்கம் குனிந்து பாருங்கள். முதலில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலை அது. மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அந்த அச்சு அத்தோடு முடிந்தது. ஒரே டை அச்சில் நாள் முழுக்கக் கொலுசுப் பூ அடித்த உங்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் திசை. சேலத்தில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் ஏற்காடு மலை, ஒரு பக்கம் கஞ்சமலை. வழி தவறாது. அங்கே அந்த வசதி கிடையாது. பரங்கிமலை என்று ஒன்று உண்டு. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழகிய நாம் அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அங்கே கடல்தான் அடையாளம், கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. கோட்டை, திருவல்லிக்கேணி, ஐஸ் ஹவுஸ், கலங்கரை விளக்கம், சாந்தோம் எல்லாம் வடக்கிலிருந்து தெற்காக அந்தக் கரையோரம் வரிசையாக இருக்கின்றன. கடற்கரை ஸ்டேஷனில் கிளம்பும் பறக்கும் ரயிலும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமையை இந்த ஒரு கோட்டுக்கு எழுதி வையுங்கள். குறுக்கே மேற்கில் எங்கேயும் நுழையாதீர்கள், டிராஃபிக்கிலேயே பொழுது போய்விடும்.

மெரினாவுக்கு விடியும்போது போங்கள். மதியம் மணலில் கால் வைக்க முடியாது. ஐஸ் ஹவுஸைக் கடக்கும்போது சித்தியிடம் சொல்லுங்கள்: அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேர்த்து வைக்க 1842இல் கட்டிய கிடங்கு அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, சித்தியின் மூட்டு வலிக்குப் பயப்பட வேண்டாம்.

மாமல்லபுரம் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திங்கட்கிழமை தனியாகப் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வண்டலூரை அடித்துவிட்டேன். மான் பார்க்க நம் ஊர்க் குரும்பப்பட்டிப் பூங்கா போதும்.

நேற்று சித்தியிடம் போனில் பேசினேன். "எனக்கு ஒன்றுமே வேண்டாம்டா, கபாலி கோயில் பார்த்துவிட்டு மாட வீதியில் ரெண்டு கொலு பொம்மை வாங்கினால் போதும்" என்றார். உங்கள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மயிலாப்பூரே அதில் இல்லை.

உங்கள் அண்ணன் மகன்,
அம்மாபேட்டை, சேலம்