லோடு ஆட்டோ தம்பிக்கு நன்றி

போன வாரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மயங்கி விழுந்த பெரியவரின் மகள் நான். கேட் திறக்கக் காத்திராமல் வண்டியைத் திருப்பி, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள்.

35 வருடம் லாரி ஓட்டியவர். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து நெல்மூட்டைகளோடு இதே கேட்டில் எத்தனையோ ராத்திரி காத்துக்கிடந்திருக்கிறார். எந்நேரம் வீடு திரும்பினாலும் கையில் திருவையாற்று அசோகா அல்வா பொட்டலம் இருக்கும். சூடு ஆறியிருந்தாலும் எங்களை எழுப்பி ஊட்டிவிடுவார்.

கண் விழித்ததும், "ஒரு இடத்துலகூடத் தூக்கிப்போடாம ஓட்டுச்சும்மா அந்தப் புள்ள" என்றார். யாருடைய ஓட்டத்தையும் லேசில் மெச்சாதவர் அவர்.

நாலு நாள் பேரப்பிள்ளைகளோடு பேசியிருந்துவிட்டுத்தான் போனார். அந்த நாலு நாள் நீங்கள் கொடுத்தது, தம்பி. துண்டை மடித்து அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவசியம் வாங்க. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடணும்.