'வெரி குட்' சொல்லும் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கிராமத்து அரசுப் பள்ளிகளின் ஸ்மார்ட் வகுப்பறைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, "ஆங்கில ஆசிரியர் இல்லையே என்ற கவலை இனி இந்தக் கிராமங்களுக்கு இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாரே உங்கள் செய்தியாளர், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. கூடவே ஒரு குழந்தை தொடுதிரைப் பலகையைத் தொட்டபடி நிற்கிற படம் வேறு. உற்றுப் பார்த்தீர்களா? பலகையில் பாடமே இல்லை, அதைத் தயாரித்த கம்பெனியின் முத்திரைதான் இருக்கிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் பக்கத்துப் பள்ளியில் ஆள் இல்லையென்று கூப்பிட்டால் போய் வகுப்பெடுக்கிறேன். அங்கேயும் பலகை வந்திருக்கிறது. அதில் ஒரு அம்மாள் தோன்றி "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். பிள்ளைகள் ஒரே குரலில் "வாட் இஸ் யுவர் நேம்" என்று அதையே திருப்பிச் சொல்வார்கள். உடனே அவர் "வெரி குட்!" என்பார். மழைச் சத்தத்தில் எதுவுமே கேட்காமல் வகுப்பே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கும் அதே "வெரி குட்"தான். அதே கேள்வியை ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சுவரைப் பார்க்கும், பாவாடையைத் திருகும், "மை நேம் இஸ்" வரைக்கும் வந்து நிற்கும், அப்புறம்தான் பெயர் வெளியே வரும். அதுவரை பொறுத்திருக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைத்தான் நீங்கள் தேவையில்லை என்கிறீர்கள்.

இது இன்று நேற்றுக் கதையா, உங்களுக்குத் தெரியாததா? செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது பாட அட்டைகளை அடுக்கினால் போதும், பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்றார்கள். 2018-இல் புதுப் புத்தகத்தில் கியூஆர் குறியீடு வந்தது. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு திருப்பூருக்குப் போயிருக்கும், பிள்ளை அந்தக் கறுப்புக் கட்டத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருக்கும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கினார்கள். ஊரடங்கில் அதுதான் பள்ளிக்கூடம் என்றானபோது, என் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். இடையில் 2012 வாக்கில் ஆங்கில வழிப் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்களே, அதற்காவது எங்கள் பள்ளிக்குக் கூடுதலாக ஆள் போட்டார்களா? அதே அறை, அதே டீச்சர், இந்தப் பக்க பெஞ்சு தமிழ் வழி, அந்தப் பக்க பெஞ்சு ஆங்கில வழி. இதைப் பற்றி நான் அப்போதே உங்களுக்கு எழுதினேன், நீங்கள் போடவில்லை.

கருவி என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். கூகுளின் 'ரீட் அலாங்' செயலியை 2022-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை நேர வகுப்புத் திட்டம் மூலமாகப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். அது பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறது, தடுக்கி நின்றால் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கிறது. கூச்சப்படுகிற பிள்ளைகூட அதனிடம் சத்தமாக வாசித்தது, பார்த்தேன். ஆனால் வகுப்புக்கே டீச்சரின் சொந்த போன் ஒன்றுதான். அதிலும் காலையில் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற வேண்டும், டவர் கிடைக்கவில்லை என்றால் வேப்பமரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும், பிறகு இன்னொரு விவரம் உடனே வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். பிள்ளை வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்துவிட்டு மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடும்.

பலகையும் இன்டர்நெட்டும் வந்ததைக் கொண்டாடுங்கள், நான் தடுக்கவில்லை. வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நன்றியும் சொல்லுங்கள். ஆனால் தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு கவலை தீர்ந்தது என்று எழுத எப்படி மனசு வந்தது என்பதுதான் தெரியவில்லை. சென்னையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஆங்கில டீச்சரை நிறுத்திவிட்டுப் பலகை வைத்தால் கட்டுரை இதே மாதிரிதான் வருமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இணையப் பதிப்பிலாவது அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை உங்கள் செய்தியாளர் இந்தப் பக்கம் வரும்போது, படம் எடுத்து முடித்த கையோடு, அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்புகள் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் இந்தக் கடிதத்தை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்