சீலிங்கை இறக்காதே கண்ணு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஆடி வெள்ளி

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய சிட்னி வீட்டுப் போட்டோ எட்டையும் பார்த்தோம். அம்மாவுக்குப் பின்பக்கத்து எலுமிச்சை மரத்தைப் பார்த்ததும் வீடே பிடித்துப் போய்விட்டது. நான் ஐந்தாவது போட்டோவைத் தாண்டவில்லை. முன் அறையின் சீலிங். அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "பழைய தகரம்ப்பா, இறக்கிட்டு ஜிப்சம் போர்டு போடப் போறோம்." போனில் சொன்னால் நீ "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய், வேலைக்காரர்களும் வந்துவிடுவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அதை இறக்காதே.

போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் எட்டு இதழ் பூ, அதைச் சுற்றி முத்து வரிசை, நான்கு மூலையிலும் சுருண்ட இலை. எத்தனையோ கோட்டிங் பெயிண்ட் ஏறி இதழ்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. ஆனாலும் கீழே இருக்கும் அச்சு எனக்குத் தெரிகிறது. நாற்பது வருஷம் கொலுசுக்கு அச்சு வெட்டியவன் நான். எட்டாவது இதழை முதல் இதழோடு பிசகில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் கைக்குத் தெரியும்.

சின்ன வயதில் பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயே, நினைவிருக்கிறதா? இரும்புக் கட்டையில் பூவைக் குழிவாக வெட்டுவேன். அதன் மேல் மெல்லிய வெள்ளித் தகடு, தகட்டின் மேல் ஈயக்கட்டி. ஓங்கி ஒரு அடி. ஈயம் மெதுவானது, குழிக்குள் தகட்டை அழுத்திவிடும், கிழிக்காது. தகட்டை எடுத்துத் திருப்பினால் பூ எழும்பியிருக்கும். நீ ஒவ்வொரு தடவையும் கை தட்டுவாய். உன் வீட்டு சீலிங்கும் அதே வேலைதான், அளவுதான் பெரிது. முதலில் களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ ஒருவர் கையால் உருவத்தைச் செதுக்குவார். அதிலிருந்து வார்ப்பிரும்பில் கீழ் அச்சு வார்ப்பார்கள், அதில் சரியாகப் பொருந்துகிற மாதிரி துத்தநாகத்தில் மேல் அச்சு. நடுவில் தகடு. கயிற்றில் கட்டி மேலே தூக்கிய கனமான சம்மட்டியை விடுவார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் நெவாடா என்ற சின்ன ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே 1898இல் தொடங்கிய டபிள்யூ.எஃப். நார்மன் கம்பெனி இன்றைக்கும் அந்தக் கயிற்றுச் சம்மட்டியில்தான் அடிக்கிறதாம். எனக்கு அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

தகரம் என்று எழுதினாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். முழுத் தகரம் என்று ஒன்று கிடையாது. முக்கால்வாசி வீடுகளில் அது மெல்லிய இரும்புத் தகடு, துரு ஏறாமல் இருக்க மேலே வெள்ளீயப் பூச்சு. நம் தெருவில் "ஈயம் பூசறது" என்று கத்திக்கொண்டு வருவாரே, பித்தளைப் பாத்திரத்துக்கு அவர் செய்ததும் அதுதான். சில இடத்தில் ஈயம் கலந்த பூச்சு, சில இடத்தில் முழுத் துத்தநாகத் தகடு. உன் வீட்டில் எது என்று காந்தத்தை வைத்துப் பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் துத்தநாகம்.

இரண்டு ராத்திரி இதைப் பற்றியே படித்தேன். ஐரோப்பாவில் பணக்கார வீடுகளில் சீலிங்குக்குப் பிளாஸ்டரில் பூவேலை செய்வார்கள். அதற்குத் தேர்ந்த கைவேலைக்காரர் வேண்டும், மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஊர்கள் வேகமாக வளர்ந்த காலத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டுமா? 1880களில் இந்தத் தகடு வந்தது. பெட்டியில் கட்டி ரயிலில் ஏற்றலாம், கப்பலில் ஏற்றலாம், உள்ளூர்த் தச்சரே மரச்சட்டம் அடித்து ஆணியில் பதித்துவிடலாம். சீக்கிரம் தீப்பிடிக்காது. வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டால் பிளாஸ்டரா தகடா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. கடை நடத்துகிறவர், ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் வீட்டிலும் தலைக்கு மேல் பூ வந்தது இதனால்தான். இரண்டாம் உலகப் போரில் இரும்பு எல்லாம் போருக்குப் போனது, அப்புறம் மலிவான போர்டு வந்தது, இது நின்றுபோனது.

உன் ஊருக்கு இதில் தனிக் கதை உண்டு. எர்னஸ்ட் உண்டர்லிச் என்பவர் 1885இல் சிட்னிக்கு வந்தார். அவரும் தம்பிகளும் சேர்ந்துதான் அந்த நாடு முழுக்க இந்தத் தகட்டைக் கொண்டுபோனார்கள். சிட்னி டவுன் ஹாலில் பெரிய மண்டபம் கட்டும்போது ஒரு பயம் வந்ததாம். அங்கே வைக்கப் போகும் ஆர்கன் என்ற குழாய் வாத்தியம் அவ்வளவு பெரியது. அதன் அதிர்வில் பிளாஸ்டர் பெயர்ந்து கச்சேரி கேட்க வந்தவர்கள் தலையில் விழுந்தால்? அதனால் அச்சில் அடித்த உலோகத் தகட்டைப் பதித்தார்கள். 1889இல் திறந்த மண்டபம். இன்னும் இருக்கிறது. ஒரு கச்சேரி நாளில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அண்ணாந்து பார். பார்த்துவிட்டு வந்து உன் வீட்டு முன் அறையில் நின்று மறுபடி பார்.

கண்ணு, நம் வீட்டு மச்சு உனக்கு மறந்திருக்காது. தாத்தா கட்டிய முன்கட்டில் தேக்குச் சட்டமும் பலகையுமாக இருந்ததே. நீ படுத்துக்கொண்டு கட்டம் எண்ணுவாய், எண்ணிக்கை முடியுமுன் தூங்கிவிடுவாய். நீ ஒன்பதாவது படிக்கும்போது மழைக்கு ஒரு மூலை ஒழுகியது. பார்க்க வந்த மேஸ்திரி, முழுக்கக் கரையான் பிடித்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்றார். நான் ஏறிப் பார்க்கவில்லை. ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், சரி என்று தலையாட்டிவிட்டேன். இறக்கிக் கீழே போட்டபோது அந்த ஒரு மூலையில் இரண்டு பலகை மட்டும் உளுத்திருந்தது. மற்றது எல்லாம் தட்டினால் மணி மாதிரி கேட்டது. அதற்குள் மரக்கடை வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கூடக் கழற்றாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றாய். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் போட்ட வெள்ளை சீலிங்கின் கீழ்தான் இப்போதும் படுக்கிறேன். ஒரு நாளும் அதை நான் ரசித்துப் பார்த்தது கிடையாது. ஏறிப் பார்க்காமல் தலையாட்டியது என் தப்பு. அந்தத் தப்பு உன் வீட்டிலும் நடக்கக் கூடாது.

இன்னொரு பெரிய விஷயம், பாப்பா. அவள் தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். 1970க்கு முன்னால் கட்டிய வீடு என்றால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள். சின்னக் குழந்தையின் மூளைக்கு அது விஷம். கையை வாயில் வைக்கிற வயது வேறு. முதலில் பெயிண்டைச் சோதனை செய்யச் சொல். அதுவரை யாரும் அதைச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது, நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது. இறக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதே. அந்த சீலிங்குக்கு மேலே வருஷக்கணக்கில் சேர்ந்த தூசி இருக்கும், அதிலும் ஈயம் இருக்கலாம். தகட்டைப் பெயர்த்தால் அது அத்தனையும் வீட்டுக்குள் கொட்டும். பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் அதன் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்து மூடிவிடுவது நல்ல வழி. உரிந்து தொங்குகிற இடம் இருந்தால் ஈய பெயிண்ட் வேலை தெரிந்த ஆளை மட்டும் கூப்பிடு. அந்த நாட்களில் பாப்பாவோடு வேறு இடத்தில் இரு. கர்ப்பமாக இருக்கும் உன் தோழியையும் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல். நான் பட்டறையில் ஈயக்கட்டியைத் தொட்ட கையோடு உன்னைத் தூக்கியிருக்கிறேன். அப்போது எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஜன்னல் பக்கம் ஒரு பழுப்புக் கறை தெரிகிறது. அது துரு. துரு சீலிங்கில் தொடங்குவதில்லை, கூரையில் தொடங்கும். முதலில் மேலே ஓடு நகர்ந்திருக்கிறதா, தகரம் ஓட்டையா என்று பார்க்கச் சொல், ஒழுக்கை நிறுத்தாமல் கீழே எது செய்தாலும் காசு வீண். துருவை எடுத்த இடத்தில் வெறும் இரும்பு தெரிந்தால் தண்ணீர் கலந்த பெயிண்டை நேராக அடிக்கக் கூடாது, அடித்த அன்றைக்கே துரு மேலே வந்து நிற்கும். உலோகத்துக்கான ஆயில் பிரைமர் முதலில், மற்றது அப்புறம். நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறதே, அது தகட்டின் குறை இல்லை, ஆணி தளர்ந்திருக்கிறது. தச்சர் மரச்சட்டம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, முத்து வரிசையின் மேலேயே துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டு இழுத்துக் கட்டிவிடுவார். தலை முத்தோடு முத்தாகக் கலந்துவிடும். ஒரு தகட்டின் ஓரம் அடுத்ததின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதையும் கவனி. நல்ல வேலைக்காரர் அந்த ஓரத்தை வாசலில் நுழைகிறவர் கண்ணில் படாத பக்கமாகத் திருப்பியிருப்பார்.

விளக்கு மாட்டுவதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வரவேண்டும். மாப்பிள்ளைக்குக் கைவேலை தெரியும், அது எனக்கும் தெரியும், ஆனால் இதில் வேண்டாம். சீலிங் முழுக்க உலோகம். பழைய ஒயரின் தோல் ஒரு இடத்தில் போயிருந்தாலும் அந்தத் தகடு முழுக்க மின்சாரம் பாயும்.

மற்ற அறைகளுக்கு உன் இஷ்டம். படுக்கை அறையில் சாதாரண போர்டுதான் நல்லது என்றுகூடச் சொல்வேன். உலோகம் சத்தத்தை உறிஞ்சாது, பாப்பா அழுதால் அறையே அழும். குளியலறையில் மட்டும் பழைய தகடு அரித்துப்போயிருக்கிறது என்றாயே, அதை எடுத்துவிடு. அதே பழைய வடிவங்களை இப்போது அங்கே அலுமினியத்தில் அடித்துத் தருகிறார்கள், ஈரத்துக்கு அதுதான் நிற்கும். அலுமினியம் என்றதும் எனக்கு ஏற்காடுதான் ஞாபகம் வருகிறது. சேர்வராயன் கோயில் பக்கம் மலை சிவப்பாகத் தோண்டிக் கிடக்குமே, அது பாக்சைட். மேட்டூரில் அதை அலுமினியமாக்கினார்கள். கொண்டை ஊசி வளைவில் அந்த லாரிக்குப் பின்னால் நம் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டு, நீ முழுக்கச் செம்மண்ணாகி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாய்.

செலவு கையைக் கடித்தால் இந்த வருஷம் ஒழுக்கையும் பெயிண்ட் சோதனையையும் மட்டும் பார்த்துக்கொள், மற்றது காத்திருக்கும். அத்தனை வருஷம் நின்றது இன்னும் இரண்டு வருஷம் நிற்காதா?

ஒரே ஒரு வேலை எனக்காகச் செய். நடுப் பூவுக்கு நேர் கீழே நின்று, சாயாமல் ஒரு போட்டோ எடு. பக்கத்தில் மாப்பிள்ளையை நீளமான ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளச் சொல், அளவு தெரிய வேண்டும். தகட்டைத் தொட வேண்டாம். கண் முன்போல இல்லைதான், ஆனால் காலை வெயிலில் பத்து மணி வரை நன்றாகத் தெரிகிறது. பழைய உளிகளை எடுத்துத் தீட்டி வைத்திருக்கிறேன். அந்த எட்டு இதழையும் மிளகு அளவுக்குக் குறைத்து ஒரு அச்சு வெட்டுகிறேன். பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு அந்தப் பூ வைத்துக் கொலுசு செய்ய வேண்டும். அவள் கால் சுற்றளவை நூலால் அளந்து அதையும் எழுதி அனுப்பு. கொஞ்சம் தாராளமாகவே அள.

அம்மா கேட்கச் சொன்னாள், எலுமிச்சை காய்த்திருக்கிறதா?

அன்புடன்,
அப்பா