ஆறு தாண்டிப் போகும் மகனுக்கு

நாக்ஸ்வில்
1793 ஜூலை

அன்பு மகனுக்கு,

சோளம் நன்றாக வந்திருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 12 விடியற்காலையில் செரோகிப் பழங்குடியினரின் கோயாட்டீ ஊரில், அவர்கள் தலைவர் ஹேங்கிங் மா வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். உன்னிடமிருந்து மட்டும் ஒரு வரியும் இல்லை. அரசே கூப்பிட்ட தூதுக்குழு கூடிய வீடு அது. அரசின் ஆட்களும் உள்ளே இருந்தார்கள். நம் குடியேறிப் படைக் கேப்டன் பியர்டின் ஆட்கள் அதையெல்லாம் பார்த்தா சுட்டார்கள்?

செரோகி மொழியை உன்னைப் போலப் பேச இங்கே ஆள் குறைவு. ஆளுநருக்குப் பதில் பொறுப்பில் இருக்கும் செயலாளர் ஸ்மித்தின் கடிதங்களை உன்னை நம்பிக் கொடுப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டு எவனும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை.

வெள்ளைக்கொடியை நம்பாதே. 1788இல் செரோகித் தலைவர் ஓல்ட் டாசல் அதை நம்பித்தான் சில்ஹோவி ஊருக்கு வந்தார். நம் படையினர் அவரை வீட்டுக்குள் உட்காரவைத்து, குடும்பத்தில் 11 பேரைச் செரோகிகளிடம் பறிகொடுத்த கிர்க்கின் கையில் கோடரியைக் கொடுத்து அவரைக் கொல்லவைத்தார்கள். படைத்தலைவர் சீவியர் அப்போது அங்கே இல்லை. இப்போதும் ஆளுநர் பிளவுண்ட் ஊரில் இல்லாத நேரம்தான் நடந்திருக்கிறது. டென்னசி ஆற்றைத் தாண்டாதே என்ற உத்தரவை பியர்ட் மதிக்கவில்லை. ஆகவே, சொன்னால் கேட்கவைக்கும் தலைவன் படையோடு இருக்கிறானா என்று முதலில் விசாரி. இல்லையென்றால் கிளம்பாதே. ஸ்மித் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

அந்தப் பக்கமும் பழசை மறக்கவில்லை. 1760இல் செரோகிப் போர்த்தலைவர் ஓகோனஸ்டோட்டா, பிரிட்டிஷாரின் பிரின்ஸ் ஜார்ஜ் கோட்டைத் தளபதியைப் பேச அழைத்துச் சுடவைத்தார். கோட்டைக்குள் பிணையாக வைத்திருந்த செரோகிகளைச் சிப்பாய்கள் கொன்று போட்டார்கள். தூது போனவர்களைப் பிணை பிடித்ததில்தான் அதெல்லாம் ஆரம்பித்தது.

அக்கரை ஊர்க்காரன் ஒருவனை முன்னால் அனுப்பி, பதில் வரும்வரை இக்கரையிலேயே இரு. அக்கரையில் அவர்கள் ஆளும் இக்கரையில் நம் குடியேறிகளுக்குத் தெரிந்த முகமும் கூட வரட்டும். கோடையில் நீர் இறங்கிவிடும். 1761இல் பிரிட்டிஷ் அதிகாரி டிம்பர்லேக் குளிர்காலத்திலேயே ஹோல்ஸ்டன் ஆற்றில் நீர் குறைந்து ஓடத்தைத் திட்டுகளில் இழுத்து இழுத்து 22 நாள் தவித்தார். உணவை இரட்டிப்பாக எடுத்துக்கொள், வெடிமருந்தைத் தோல்பையில் தனியே கட்டு.

பேச்செல்லாம் திறந்த வெளியில் நடக்கட்டும். தலைவர் வீட்டில் படுக்காதே, தேடி வருகிறவன் முதலில் அங்கேதான் வருவான். எத்தனை தரம் சொன்னாலும் நீ மரியாதைக்காக அங்கேதான் தங்குவாய் என்று தெரியும். தங்காதே. பேசி முடிந்ததும் போன வழியில் திரும்பாதே, இருட்டும்வரை காத்திராதே.

அம்மா உனக்குப் புது உறை தைத்திருக்கிறாள். இதைக் கொண்டுவருபவரிடம் பதில் எழுதிக் கொடு.

அப்பா