அருவித் தண்ணீரில் பாத்திரம் கழுவிய கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கேரவன் பயணக் கட்டுரையில், குற்றாலத்தில் ஓர் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டதாகவும், பாத்திரங்களை ஓடையிலேயே சோப்புப் போட்டுக் கழுவியதால் வண்டித் தொட்டித் தண்ணீர் மிச்சமானதாகவும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மற்றவர்களும் இப்படிச் செய்யலாம் என்று யோசனை வேறு சொல்கிறார். நீங்களும் அதை அச்சிட்டுவிட்டீர்கள்.

குற்றாலத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, வழிநெடுக வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தப் பாசனத்தில் நெல் வைப்பவன் நான். கார் நெல் பருவமும் குற்றால சீசனும் ஒரே நேரத்தில் வருகின்றன. மடையில் அடைத்துக் கிடக்கும் ஷாம்பு உறைகளையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் கையால் அள்ளிப் போட்ட பிறகுதான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறுகிறது. அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தடை விதித்திருப்பது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா நினைவில் இல்லை?

வெளிநாடுகளில் இத்தகைய வண்டிகளின் கழிவுநீர்த் தொட்டியைத் திறக்கவென்றே முகாம்களில் தனி இடம் உண்டு. கட்டுரையாளர் தம் வண்டியின் சொகுசை ஒரு பக்கம் முழுக்க வர்ணிக்கிறார். அதன் கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

இதற்கு முன்பும் செண்பகாதேவி அருவிக்கு மலைப்பாதையில் 'யாருக்கும் தெரியாமல்' ஏறிப் போன ஒருவரின் அனுபவத்தை வெளியிட்டீர்கள். வனத்துறை அங்கே ஆட்களைத் தடுப்பது காரணமில்லாமல் அல்ல. மேலே காட்டில் கொட்டும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தியை நீங்களும் வெளியிட்டீர்கள். அதற்குப் பிறகும், வழுக்குப் பாறையின் விளிம்பில் நின்று ஓர் இளைஞர் கை விரிக்கும் படத்தை அட்டையில் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அப்போதே கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை; இடமில்லாமல் இருந்திருக்கலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை என்பதால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மலை, அருவிப் பயணக் கட்டுரை வரும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். அந்த இடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டுமா, வண்டியை எங்கே நிறுத்தலாம், குப்பையையும் கழிவுநீரையும் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி போதும். ஜூனில் சாரல் விழும் முன் வரும் இதழிலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
சிற்றாற்றுப் பாசன விவசாயி ஒருவர்,
தென்காசி மாவட்டம்.